லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பழைய தார் ஜீப்: எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

‘மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ., 2014 மாடல், ஃபோர் வீல் டிரைவ், 1,18,000 கிலோமீட்டர், சிங்கிள் ஓனர்.’ இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: லட்சத்தைத் தாண்டிவிட்டதே, எடுக்கலாமா?

மீட்டரில் உள்ள எண் இதற்குப் பாதி பதில்கூடச் சொல்லாது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், 10,000 கிலோமீட்டர் ஓட அதன் என்ஜின் ஆயிரம் மணி நேரம் உழைத்திருக்கும். அதே தூரத்தை நான்கு வழிச்சாலையில் 60 வேகத்தில் ஓடிய வண்டிக்கு 170 மணி நேரம்கூட ஆகியிருக்காது. மீட்டருக்கு இரண்டும் ஒன்று. கிளட்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் சேஸிஸுக்கும் ஒன்றல்ல.

என் கணக்கு இதுதான். என்ஜினில் வரும் பெரும்பாலான கோளாறுக்கு ஒரு விலை உண்டு. மெக்கானிக்கிடம் கேட்டு அந்தத் தொகையை வண்டி விலையில் கழித்துப் பேசிவிடலாம். துருப்பிடித்த சேஸிஸுக்கும் கோணலான பேப்பருக்கும் அப்படி விலை போட முடியாது. அதனால் முதலில் வண்டிக்கு அடியில், பானெட்டெல்லாம் அப்புறம். வாங்க வருபவர்கள் பானெட்டைத்தான் முதலில் திறப்பார்கள் என்று விற்பவருக்கும் தெரியும். அதனால்தான் அந்த இடம் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

இங்கே பேசுவது 2010 அக்டோபரில் வந்து 2020 வரை விற்ற பழைய தாரைப் பற்றி. 2,498 சி.சி., 105 குதிரைத்திறன் கொண்ட சி.ஆர்.டி.இ. (மின்னணு முறையில் டீசல் செலுத்தும் என்ஜின்) ஒன்று, 2,523 சி.சி., 63 குதிரைத்திறன் கொண்ட டி.ஐ. (மின்னணு இல்லாத பழைய வகை) இன்னொன்று. ஜிப்ஸியோ ஃபோர் வீல் பொலேரோவோ பார்ப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

கையில் ஒரு டார்ச், நீளமான ஸ்க்ரூடிரைவர், சின்னச் சுத்தியல், அடியில் படுக்க ஒரு பழைய போர்வை இருக்கட்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப் போங்கள். பழைய வண்டி விற்றுக்கொடுக்கும் கன்சல்டிங்காரர் “நம்ம மெக்கானிக் ஒருத்தர் இருக்கார் சார்” என்று காட்டினால் நன்றி சொல்லிவிட்டு உங்கள் ஆளையே பார்க்கச் சொல்லுங்கள்.

அடியில் புதுக் கறுப்பு பெயின்ட் மணக்கிறது

பத்து வருட வண்டியின் அடிப்பகுதி அழுக்காக, ஆயில் ஊறி, அங்கங்கே செம்மண் அப்பி இருந்தால் கவலைப்பட வேண்டாம், அது இயல்பு. சேஸிஸ் முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்து, நட்டு போல்ட்டெல்லாம் ஒரே கறுப்பாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். யாரும் விற்கப் போகிற வண்டியின் அடிவயிற்றைச் சும்மா அழகு பார்க்க மாட்டார்கள்.

போர்வையை விரித்துப் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) பின்முனை சேஸிஸில் மாட்டும் இடம், பின்சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம், பாடி சேஸிஸின் மேல் உட்காரும் ரப்பர் மவுன்டிங்குகள். சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ‘டங்’கென்று பேசும். திடீரென்று ஓரிடத்தில் ‘சொத்’தென்று கேட்கும். அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினால் பெயின்ட் உரிந்து, அடியில் அடுக்கடுக்காகத் துரு பெயர்ந்து கையில் கொட்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முனை உள்ளே போய்விடும். சேஸிஸில் அப்படிப் போனால் அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டாம். போர்வையை மடித்துக்கொண்டு கிளம்புங்கள். பெட்டி மாதிரி மூடிய சேஸிஸ் உள்ளிருந்துதான் அரிக்கும். வெளியே ஒரு ஓட்டை தெரிகிறது என்றால் உள்ளே அதைவிட அதிகமாகப் போயிருக்கும். வெல்டிங் ஒட்டுப் போட்டிருந்தாலும் இதே முடிவுதான்.

பாடியில் இருக்கும் துரு வேறு விஷயம். கால்மிதிக்கு அடியில் தகடு, கண்ணாடி ஃபிரேமின் கீழ் ஓரம், பின்சக்கர வளைவு, இவையெல்லாம் பழைய தாரில் துரு பிடிக்கும் இடங்கள்தான். துணி மேற்கூரை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, கால்மிதிக்கு அடியில் தங்கி, தகட்டைத் தின்னும். கால்மிதியைத் தூக்கிப் பார்க்காமல் எந்த வண்டியையும் பேரம் பேசாதீர்கள். தகட்டை வெட்டி மாற்ற டிங்கர் பட்டறையில் ஆள் உண்டு, விலை உண்டு. அதைக் கழித்துக் கேட்கலாம்.

கடலோர வண்டி என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். தனுஷ்கோடிக்கு 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கும்வரை, மணலிலும் உப்புத்தண்ணீரிலும்தான் ஃபோர் வீல் வண்டிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வந்தன. அப்படி ஓடிய வண்டிக்கு மேலே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் சேஸிஸ் காட்டிக்கொடுத்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து ரிசார்ட்டில் நின்ற வண்டியும் மணல்மேட்டில் விளையாடிய வண்டியும் இதே வகைதான். சேஸிஸின் வடிதுளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். வெள்ளை மணல் வந்தால் எங்கே ஓடியது என்று கேட்கவே தேவையில்லை.

4ஹெச் போட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை

ஃபோர் வீல் வண்டி வாங்க வருகிறவர்களில் பலர் அதை, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் 4ஹெச்சை, போட்டுப் பார்க்காமலேயே பணம் கொடுத்துவிடுகிறார்கள். லீவர் நகர்கிறது, டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது, போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விளக்கு எரிவதால் முன்சக்கரத்துக்குச் சக்தி போகிறது என்று அர்த்தமில்லை.

முதலில், அந்த வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (என்ஜின் சக்தியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரிக்கும் பெட்டி) லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், தார் டி.ஐ. டூ வீல் டிரைவாகவும் விற்றது. ‘தார்’ என்றாலே ஃபோர் வீல் என்று நினைத்து விலை பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிலவற்றில் பிற்பாடு பழைய சாமான் வாங்கி மாட்டியிருப்பார்கள்.

சோதனைக்கு மண்தரையோ சரளைக்கல் தரையோ வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் செய்யக்கூடாது. இந்த வண்டிகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே, வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. பிடிப்புள்ள தரையில் திருப்பினால் முறுக்கு ஏறி எதையாவது உடைக்கும். மண்ணில் 2ஹெச்சில் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள். அதே வட்டத்தை 4ஹெச்சில். முன்சக்கரம் வேலை செய்தால் வண்டி முரண்டு பிடிக்கும், மண்ணை இழுத்துத் தள்ளும், திரும்ப மனமில்லாமல் திரும்பும். இரண்டு வட்டமும் ஒரே மாதிரி சுகமாக இருந்தால் முன்பக்கம் சும்மா வருகிறது.

அப்போது, முன்சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் ஹப்பைப் பாருங்கள். சில வண்டிகளில் ஹப் தானாகப் பூட்டும், சிலவற்றில் இறங்கிக் கையால் திருப்ப வேண்டும், சிலவற்றில் ஃப்ரீ வீல் ஹப்பே கிடையாது. ஜிப்ஸியில் கையால் திருப்புவதுதான். தாருக்கும் பின்னால் கையால் திருப்பும் ஹப் மாட்டுகிறவர்கள் உண்டு, அதை ‘ஃப்ரீ’யில் வைத்துவிட்டு ஃபோர் வீல் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்களும் உண்டு. விற்பவருக்கே தெரியாமல் அப்படி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

ஹப் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பக்க ஷாஃப்ட், முன் டிஃபரன்ஷியல் மூன்றில் ஒன்று. முன்பக்க ஷாஃப்டையே கழற்றிவிட்டு ஓட்டும் வண்டிகளும் உண்டு, அடியில் படுத்த உடனே தெரிந்துவிடும். கழற்றிய காரணத்தைக் கேளுங்கள். “மைலேஜுக்காக சார்” என்பது பெரும்பாலும் பதில். “சரி, மாட்டிக் கொடுங்க, ஓட்டிப் பார்க்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள்.

மெதுவாக, அதிக இழுவையோடு ஊர்வதற்கான 4எல்லைத் தனியாகப் பார்க்க வேண்டும். நின்று, கிளட்சை மிதித்து லீவரைப் போடுங்கள். செங்குத்தான மேட்டில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் முதல் கியரில் ஏறுகிறதா? அதைவிட முக்கியம் இறக்கம். பிரேக்கைத் தொடாமல் என்ஜின் பிடிமானத்திலேயே இறக்குங்கள். பாதியில் லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் உள்ளே ஃபோர்க்கோ பல்லோ தேய்ந்திருக்கிறது. மலையில் அது உயிருக்கே ஆபத்து. டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரிக்கும் செலவைக் கழித்துக்கொள்ள விற்பவர் சம்மதித்தால் மட்டும் மேலே பேசுங்கள்.

2015 ஜூலையில் வந்த திருத்திய சி.ஆர்.டி.இ. தாரில் பின்பக்கம் ஈட்டன் லாக்கிங் டிஃபரன்ஷியல் உண்டு. ஒரு பின்சக்கரம் காற்றில் சுழலும்போது ‘டக்’கென்று அடித்துப் பூட்டும். முதல் தடவை கேட்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்படுவார்கள். அதுதான் அது வேலை செய்யும் சத்தம். குறுக்காக ஒரு பள்ளத்தில் இறக்கி, ஒரு சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டே நிற்கிறது, பூட்டவே இல்லை என்றால்தான் கோளாறு. 2015க்கு முந்தைய வண்டியை ‘லாக்கர் இருக்கு’ என்று விற்றால் எங்கே, யார் மாட்டியது என்று பில் கேளுங்கள்.

நீங்கள் போகும்போதே என்ஜின் சூடாக இருக்கிறது

இறங்கியதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். “காலையிலதான் ஒரு வேலையா எடுத்துட்டுப் போனேன்” என்றால், “பரவாயில்லை, நாளைக் காலையில வர்றேன், ஸ்டார்ட் பண்ணாம வைங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள். குளிர்ந்த என்ஜின் முதல் அரை நிமிடத்தில் சொல்வதைச் சூடான என்ஜின் ஒரு மணி நேரம் ஓடினாலும் சொல்லாது. மறுநாளும் சூடாக இருந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

செல்ஃப் எடுக்கிறது, என்ஜின் பிடிக்க நேரமாகிறது

காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திணறினால் பேட்டரி, குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் க்ளோ பிளக், டீசல் லைனில் காற்று, இப்படிச் சின்னக் காரணங்களாக இருக்கலாம். மதுரையிலும் திருச்சியிலும் க்ளோ பிளக் செத்துப்போனது வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. அதே வண்டியை ஊட்டிக்கு எடுத்துப்போனால் மறுநாள் காலையே தெரியும்.

நேர்மாறாக, காலையில் ஒரே செல்ஃபில் பிடித்து, நன்றாக ஓடிச் சூடேறி, டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் பிடிக்கவில்லை என்றால் கவனியுங்கள். சி.ஆர்.டி.இ.யில் இது இன்ஜெக்டரோ உயர் அழுத்த பம்ப்போ தேய்ந்த அறிகுறி. சூடான டீசல் நீர்த்துப்போகும். தேய்ந்த இடைவெளி வழியாகத் திரும்பி ஓடிவிடும். இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் பொதுக்குழாயான ரெயிலில் அழுத்தம் ஏறாது. டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் கடையில் நாலு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பும் டீசலைக் குப்பியில் பிடித்துப் பார்ப்பார்கள். ஒன்றில் மட்டும் மளமளவென்று நிறைந்தால் குற்றவாளி அதுதான். நாலுமே என்றால் செலவு பெரியது. அதனால் டெஸ்ட் டிரைவில் நடுவே நிறுத்தி, அணைத்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்ப்பதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டி.ஐ.யில் இந்த மின்னணு வம்பெல்லாம் கிடையாது. மெதுவாகத்தான் ஓடும், சத்தம் போடும். ஆனால் எந்த ஊர்ச் சந்தையிலும் பிரித்து மாட்ட ஆள் உண்டு. தோட்டத்துக்கும் காட்டு வேலைக்கும் வண்டி தேடுகிறவருக்கு நான் டி.ஐ.யைத்தான் சொல்வேன்.

புகை

ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது ஒரு கணம் கறுப்பாக வந்து நின்றுவிட்டால் பழைய டீசலுக்குப் பெரிய குறையில்லை. ஏற்றம் முழுக்கக் கறுப்பைக் கக்கிக்கொண்டே வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் கூடுதல். ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் கிழிசல், கரி அடைத்த இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பும் வால்வு), கடைசியாக இன்ஜெக்டர். முதல் மூன்றும் சில்லறை வேலை.

காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் வந்து சூடேறியதும் நின்றால் விட்டுவிடலாம். சூடேறியும் நிற்காமல், இனிப்பு வாடையுடன் வந்தால் கூலன்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கட் சந்தேகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. டர்போ சீலா, வால்வு சீலா, ரிங்கா என்று அங்கேயே நின்று ஊகிக்க வேண்டாம். அடுத்த சோதனை பாதி சொல்லிவிடும்.

ஆயில் மூடியைத் திறந்தால் ஊதுகிறது

என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, துளையின் மேலேயே தளர்வாக வையுங்கள். லேசாக ஆவி வருவது பழைய டீசலில் சாதாரணம். மூடி குதித்துக் கீழே விழுகிற அளவுக்குப் ‘புக் புக்’கென்று ஊதினால், மெக்கானிக்குகள் சொல்லும் பேக் கம்ப்ரஷன் அதுதான்: பிஸ்டனைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. ஆயில் டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள், அங்கேயும் தெறிக்கும். நீலப்புகையும் இதுவும் சேர்ந்து இருந்தால் என்ஜின் பிரிக்க வேண்டும். சேஸிஸ் நல்ல வண்டியாக இருந்து, என்ஜின் வேலைச் செலவு முழுக்கக் கழித்துக் கொடுத்தால் அதுவும் எடுக்கக்கூடிய வண்டிதான். “ஆயில் மாத்தினா சரியாயிடும்” என்று யாராவது சொன்னால் அவரையே முதலில் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

ஏ.சி. இருந்தால் போட்டுக்கொண்டு, 4எல்லில் பத்து நிமிடம் மேட்டில் ஊருங்கள். ரேடியேட்டரின் இடுக்குகளில் சேறு காய்ந்து அடைத்திருந்தால் கழுவினாலே பாதி சரியாகும். கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த குழாய்த்தண்ணீர் இருந்தால், இதுவரை எப்படிப் பராமரித்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். இரவு முழுக்க நின்ற வண்டியின் மேல் ரேடியேட்டர் ஹோஸைக் காலையில் அமுக்கிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் முன்பே விறைப்பாக இருந்தால் ஹெட் கேஸ்கட் பக்கம் பார்க்க வேண்டும்.

செக் என்ஜின் விளக்கு எரியவே இல்லை

சாவியைத் திருப்பியதும், என்ஜின் ஓடும் முன், அந்த விளக்கு எரிந்து, ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் பல்பு போயிருக்க வேண்டும், அல்லது பிடுங்கியிருக்கிறார்கள். ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பிழைகள் எதுவுமே இல்லாமல் ‘சுத்தம்’ என்று வந்தால் முந்தைய நாள் அழித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. நன்றாக ஒரு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

முன்பக்கம் தூக்கி நிற்கிறது, டயர் பெரியது

சி.ஆர்.டி.இ. தாரின் முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்வது டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. அதை முறுக்கினால் செலவே இல்லாமல் வண்டி இரண்டு அங்குலம் எழும்பிவிடும். பார்க்கக் கம்பீரம். ஆனால் ஆக்சிலின் கோணம் கூர்மையாகி, சக்கரத்தோடு ஆக்சில் சேரும் சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் கிழிந்து, சேறு உள்ளே போய், ஒடித்துத் திருப்பும்போது ‘கட கட’வென்று சத்தம் வரும். அந்த ரப்பரை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கம் தெறித்திருந்தால் கிழிந்தே விட்டது.

பெரிய டயருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சி.ஆர்.டி.இ.க்குக் கம்பெனி கொடுத்தது 235/70 ஆர்16, விட்டம் சுமார் 29 அங்குலம். 31 அங்குல டயர் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக வண்டி ஓடும், மீட்டருக்குத் தெரியாது. அந்த டயரிலேயே ஓடிய 1,00,000 உண்மையில் 1,07,000. அதைவிட, கிளட்சும் ஆக்சிலும் இத்தனை நாள் கூடுதல் பாரத்தை இழுத்திருக்கின்றன.

கிளட்சைப் பார்க்க நாலாவது கியரில் 40 வேகத்தில் மேட்டில் முழுக்க மிதியுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் தேய்ந்துவிட்டது. மாற்றும் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

70 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது

பயப்படும் முன் சக்கரத்தின் உள்பக்கம் பாருங்கள். ரிம்முக்குள் ஒட்டிக் காய்ந்த சேறு ஒன்றே போதும், வண்டி ஆட்டம் போட. அதைச் சுரண்டிவிட்டு ஓட்டியும் நடுங்கினால் ஜாக் போட்டு முன்சக்கரத்தைத் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் வீல் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ. இடமும் வலமும் ஆடினால் டை ராட். எல்லாம் மாற்றக்கூடிய சாமான், மிரள வேண்டாம். வண்டி நேராகப் போக ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடிக்க வேண்டியிருந்தால்தான் சேஸிஸ் வளைந்திருக்கிறதா என்று அளக்கச் சொல்ல வேண்டும்.

டிஃபரன்ஷியல் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருக்கிறது

தண்ணீர் கலந்திருக்கிறது. ஆற்றைக் கடக்கும்போது சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து, பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் பேரிங்கும் கிரௌன் பினியன் என்ற பற்சக்கரங்களும் தேயும். நிரப்பும் பிளக்கைக் கழற்றி விரல் விட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். முன், பின், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ், நாலும் பாருங்கள். நிறம் மட்டும் மாறி, ஓட்டும்போது ஊளைச் சத்தம் இல்லை என்றால் ஆயில் மாற்றி ஓட்டலாம். ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது வேறு சத்தம் என்றால் கிரௌன் பினியன். கிளட்ச் விடும் கணத்தில் அடியில் ‘டங்’கென்று ஒரு தட்டல் மட்டும் என்றால் பெரும்பாலும் ஷாஃப்ட் கிராஸ், சின்ன வேலை.

மீட்டர் சொல்வதும் வண்டி சொல்வதும் ஒத்துவரவில்லை

45,000 காட்டுகிறது, கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து இரும்பு தெரிகிறது. மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம் தயாரானது. 2014 வண்டியில் 45,000க்குள் மூன்றாவது செட் டயர் என்றால் நம்ப முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைச் சொல்லி, பழைய ஜாப் கார்டில் எத்தனை கிலோமீட்டர் என்று உரிமையாளரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். 1,40,000 ஓடி, அதை மறைக்காமல் பில்லோடு காட்டுகிற வண்டிதான் எனக்குப் பிடிக்கும். திருப்பிய மீட்டரில் கிலோமீட்டரைவிட ஆள் பிரச்சினை. இதில் பொய் சொன்னவர் வேறு எதில் சொன்னார் என்று தேடவே நேரம் போய்விடும்.

வயரிங் கனெக்டரில் பச்சைக் களிம்பு

2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ கை மாறியிருக்கும். தாரின் தரையைக் கழுவிவிடலாம், சீட்டை மாற்றிவிடலாம். சீட் பெல்ட்டை முழுக்க இழுங்கள்; கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கோடு இருக்கும். ஃபியூஸ் பெட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள கனெக்டர்கள், ஹெட்லைட்டின் உள்பக்கம் பாருங்கள். சி.ஆர்.டி.இ.யில் வயரிங் அரித்தால் இன்று ஒன்று, நாளை ஒன்று என்று கோளாறு வந்துகொண்டே இருக்கும். டி.ஐ.யாக இருந்தால் யோசிக்கலாம், சி.ஆர்.டி.இ. என்றால் வேண்டாம்.

விலை மட்டும் ஆச்சரியமாகக் குறைவு

வண்டி நன்றாக இருந்து விலை குறைவு என்றால் பேப்பரைப் பாருங்கள். டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கிருந்து மலிவாகத் தெற்கே வரும் டீசல் வண்டிகளில் நல்லவையும் உண்டு. ஆனால் என்.ஓ.சி. (பழைய ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) கையில் இல்லாத வண்டிக்கு அட்வான்ஸ்கூடக் கொடுக்கக்கூடாது. இங்கே கொண்டுவந்து புதுப் பதிவெண் வாங்க மறுபடி சாலை வரி கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது தனி அலைச்சல். இதையெல்லாம் சேர்த்தால் உள்ளூர் வண்டி விலைக்கே வந்துவிடும்.

சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. பதினைந்து வருடம். 2010இல் வந்த முதல் தார்களுக்கு 2025இலேயே அது முடிந்துவிட்டது. அப்புறம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. மேலே சொன்ன துரு எஃப்.சி.யிலும் இடிக்கும். என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். என்ஜின் மாற்றிய பழைய ஜீப்புகளிலும் டீசல் போட்ட ஜிப்ஸிகளிலும் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. பெரிய டயர், வெளிநாட்டு பம்பர் எல்லாம் எஃப்.சி.யிலும் விபத்துக் காப்பீட்டிலும் கேள்வியாக வரும். கழற்றிய ஒரிஜினல் சாமான்கள் கிடக்கின்றனவா என்று கேட்டு, அவற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். கடன் இருந்தால் அடைத்த கடிதமும் 35ஆம் படிவமும் வேண்டும். அபராதம் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று இணையத்தில் பதிவெண் போட்டுப் பார்த்துவிடலாம்.

எல்லாம் சரி, எடுக்கிறோம் என்றால் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்தோடு, வண்டியை ஒப்படைத்த தேதியும் மணியும் எழுதிய ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பெயர் மாற்ற விண்ணப்பம் போட்ட கையோடு, பதினான்கு நாளுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழையவர் பெயரிலேயே பாலிசியை வைத்துக்கொண்டு கொல்லிமலை எழுபது வளைவையும் சுற்றப் போனால், உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாய் தராது. பழைய தாரில் ஏர்பேக் எதிலும் கிடையாது, ஏ.பி.எஸ். கடைசிக் காலத்து வண்டிகளில் மட்டும்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் ஓடத்தான் இந்த வண்டி என்றால், இவ்வளவு சோதனையையும் வேறொரு வண்டியில் செய்து பாருங்கள்.